சட்டைப் பையில் போன சாவி

என் கணவர் மலேசியாவின் குளுவாங்கிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் நடக்கும் தமிழ்க் கல்யாணங்களுக்கு வீடியோ எடுத்தவர். எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்துப் படமாக்கியதும் அவரே. எத்தனையோ மாப்பிள்ளைகளின் தொப்பையையும் எத்தனையோ மாமியார்களின் முறைப்பையும் வெட்டி எறிந்து குடும்பங்களைக் காப்பாற்றியவர். ஆனால் கேமராவுக்குப் பின்னால் இருக்கிற வரைக்கும்தான் அந்தத் தைரியம் எல்லாம். முன்னால் வந்து நில்லுங்கள் என்றால் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவார். என் கைபேசியில் கிடக்கும் வீடியோக்களில் எல்லாம் அவருடைய குரல் இருக்கிறது. "இந்தப் பக்கம் பாரு", "கொஞ்சம் சிரி லா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். முகம் மட்டும் கிடையாது.

போன வருடம் லாபிஸில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், மண்டபத்துக்கு வெளியே காரிலிருந்து கேமராப் பையை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கவில்லை. உள்ளே மேளச் சத்தத்தில் யாருக்கும் உடனே தெரியவில்லையாம். இதை மெனக்கெட்டு வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்ன மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. சொல்லாமல் இருந்திருக்கலாம்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் போன பிறகு வீட்டில் நானும் மாமாவும்தான். மாமா என்றால் அவருடைய அப்பா. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். சர்க்கரை அவருடைய வலது கண்ணை ஏற்கெனவே மங்கவைத்துவிட்டது. இடது கண்ணும் அதே வழியில்தான் போகிறது, வேகத்தைக் குறைக்கலாமே தவிர நிறுத்த முடியாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்து, வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கும்போது மாமா சொன்னார்.

"அவன் நடந்து வர்றத ஒரு தடவ பாக்கணும்மா. கண்ணு இருக்கும்போதே."

போட்டோ இருக்கிறதே என்று நான் சொல்லவில்லை. கல்யாண ஆல்பத்தில் அவர் ஐசி அடையாள அட்டைக்குப் படம் பிடித்த மாதிரி விறைத்துக்கொண்டு நிற்பார். அது அவர் இல்லை என்பது எனக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். வருடக்கணக்கில் கேமரா சுமந்து சுமந்து வலது தோள் சற்றே ஏறிப்போய், ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பார். அந்த நடையைத்தான் மாமா கேட்டார். அது இருக்கிற இடம் உலகத்திலேயே ஒன்றுதான், எங்கள் கல்யாண வீடியோ. அவருடைய நண்பர் ஒருவர் எடுத்தது. "வேற எவனும் இத வெட்டக்கூடாது, நானே செஞ்சு தர்றேன்" என்று என் கணவர் எல்லாவற்றையும் வாங்கித் தன் கணினியில் போட்டுக்கொண்டார். ஊரார் கல்யாணமெல்லாம் ஒரு மாதத்தில் முடியும். எங்களுடையது முடியவே இல்லை. ஒவ்வொரு திருமண நாளுக்கும் நான் கேட்பேன், சவுண்டு மட்டும்தான் பாக்கி என்று அவர் சொல்வார். பாக்கியோடு போய்விட்டார்.

அந்தக் கணினியோ உயிர் வராமல் கிடந்தது. பொத்தானை அழுத்தினால் காற்றாடி சுற்றும், திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி வரும். தொடங்குவதற்கு இங்கே எதுவும் இல்லை என்று அதற்கு அர்த்தம்.

அந்தக் கணினியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவருக்குப் பிடித்த எடிட்டிங் மென்பொருள், கடித்த பழத்தைச் சின்னமாக வைத்திருக்கும் கம்பெனியின் கணினிகளில் மட்டும்தான் ஓடும். அந்தக் கணினி வாங்க எங்களால் ஆகவில்லை. அதனால் மதர்போர்டு ஒரு இடத்தில், கிராஃபிக்ஸ் கார்டு ஒரு இடத்தில், பெட்டி ஒரு இடத்தில் என்று தேடித்தேடி வாங்கித் தாமே பூட்டி, அந்தக் கம்பெனியின் இயங்குதளத்தை அதில் ஏற்றிவிட்டார். கம்பெனி இதை ஒத்துக்கொள்ளாது. அந்த இயங்குதளம் தான் ஓடுவது தன் சொந்த வீட்டில்தானா என்று பார்க்கும், இல்லையென்றால் நகராது. "சொந்த வீடுதான்னு நம்ப வைக்கணும். அவ்ளோதான் வித்த" என்பார். எனக்கு அப்போது அதில் அக்கறை இல்லை. ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் குங்குமம் வைப்பதோடு என் உறவு முடிந்தது.

பட்டணத்தில் ஒரு கணினிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் சீனர், நல்ல மனிதர். மதர்போர்டிலிருந்த சின்ன பேட்டரியைக் கழற்றி மாட்டி எல்லா அமைப்பையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். அப்படியும் அது வரவில்லை. ஹார்ட் டிஸ்க் வட்டை முழுக்க அழித்துவிட்டு எல்லோரும் வைத்திருக்கிற விண்டோஸைப் போட்டுத் தருகிறேன், புதுசு மாதிரி இருக்கும் என்றார். அழிக்கிற பேச்சைக் கேட்டதும் பெட்டியை அணைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவர் பாவம், தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்று தெரியாமல் வாசல் வரை வந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்படிப்பட்ட கணினிகளைக் கட்டுவதையே பொழுதுபோக்காக வைத்திருக்கிறவர்களின் இணையக் குழு ஒன்று இருக்கிறது. அங்கே போய் என் கதையை எழுதினேன். முகம் தெரியாத ஒருவர் பதில் போட்டார். வட்டில் எல்லாம் பத்திரமாகவே இருக்கும், அதைத் தொடங்கிவைக்கிற சின்ன நிரலைச் சிலர் வட்டில் வைக்காமல் தனியாக ஒரு பென் டிரைவில் வைத்திருப்பார்கள், அதுதான் சாவி, அதைச் செருகாமல் அந்த இயங்குதளம் எழாது, உங்கள் கணவரிடம் அப்படி ஒரு பென் டிரைவ் இருந்ததா என்று கேட்டிருந்தார்.

இருந்தது. அது எங்கே போனது என்பதும் எனக்குத் தெரியும்.

அவரை வைத்திருந்த பெட்டியை மூடுவதற்கு முன்னால், வழக்கம்போல, அவருக்குப் பிடித்ததையெல்லாம் ஒவ்வொருவராக உள்ளே வைத்தார்கள். மூக்குக் கண்ணாடி, கைக்கடிகாரம், புது வேட்டி. மாமா உள்ளே போய், மருத்துவமனையில் கொடுத்த பொருள்களோடு கணினி மேசையில் கிடந்த, சிவப்பு நூல் கட்டிய பென் டிரைவை எடுத்துக்கொண்டு வந்தார். வெளியே கிளம்பும்போதெல்லாம் என் கணவர் அதைக் கணினியிலிருந்து உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போவார். அதில் என்ன இருக்கிறது என்று நாங்கள் கேட்டதில்லை. "இது இல்லாம அவன் எங்கயும் போனதில்ல" என்று சொல்லி மாமா அதை மகனுடைய சட்டைப் பையில் வைத்து, உள்ளங்கையால் அழுத்திவிட்டார். அதைப் பார்த்துக் கூடியிருந்த சனமெல்லாம் அழுதது. நானும்தான். மாமாவால் மட்டுமே நினைத்துப் பார்க்க முடிகிற காரியம் அது என்று எனக்கு அவர்மேல் அவ்வளவு பாசம் வந்தது. பிறகு எல்லாமாகச் சேர்ந்து மின்சுடலைக்குள் போயிற்று.

இதை எப்படி அவரிடம் சொல்வேன்? உங்கள் மகன் நடப்பதைப் பார்க்கிற சாவியை நீங்களே எரித்துவிட்டீர்கள் என்றா? நான் வாய்த்துடுக்கு உள்ளவள்தான், மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைக்கிறவள்தான். ஆனால் இதைச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. சிஸ்டம் பழசாகிவிட்டது, புதுசாக ஒன்று செய்ய வேண்டும், கொஞ்சம் நாளாகும் என்று சொல்லிவைத்தேன். மாமா தலையாட்டினார்.

அந்தச் சாவியை நானே செய்வது என்று உட்கார்ந்தேன். நான் ஏர்கோன் குளிர்சாதன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். குறை கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். "வீட்டுல மட்டும் ஓசியில செய்ற" என்று அவர் என்னைச் சீண்டுவார். அந்தப் புத்தி இப்போது கைகொடுத்தது. இரண்டை ஒன்றாக மாற்றாதே, ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், பிறகு அடுத்தது. இணையத்தில் இருந்தவர் இன்னொன்றும் சொன்னார்: உங்கள் கணவருடைய வட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள், புது வட்டு ஒன்றை மாட்டி முதலில் அதில் இயங்குதளத்தை நிறுவப் பாருங்கள், தவறினாலும் நஷ்டமில்லை. வட்டைக் கழற்றித் துணியில் சுற்றி மாமாவிடம் கொடுத்தேன். அவர் அதை அலமாரியில் வேட்டிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பகல்களெல்லாம் இதற்கே போயின. என் மடிக்கணினியில் பென் டிரைவைத் தயார் செய்வேன், கொண்டுபோய் அவருடைய கணினியில் செருகுவேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடும். எங்கேயாவது ஒரு வரியில் நின்றுவிடும். அந்த வரியை அப்படியே எழுதி இணையத்தில் தேட வேண்டும். இதே வரியில் மாட்டிக்கொண்டு யாராவது அழுதிருப்பார்கள், அவர்களுக்கு யாராவது பதில் சொல்லியிருப்பார்கள்.

முதலில் எழுத்தே ஓடவில்லை. கடைக்காரர் பேட்டரியைக் கழற்றியபோது என் கணவர் பார்த்துப் பார்த்துச் செய்துவைத்த அமைப்பெல்லாம் போய்விட்டது என்பது பிறகுதான் புரிந்தது. ஒவ்வொன்றாகப் படித்துத் திரும்ப வைத்தேன். அடுத்து, எழுத்து ஓடி முடிந்து, குறுக்குக் கோடு போட்ட ஒரு வட்டம் வந்து நின்றது. நுழையாதே என்று சாலையில் வைத்திருப்பார்களே, அது போல. பென் டிரைவை முன்பக்கத் துளையிலிருந்து எடுத்துப் பின்பக்கத்தில் இருக்கிற பழைய வகைத் துளையில் செருகினால் சரியாகும் என்றார்கள், சரியாயிற்று. அதற்காக இரண்டு வாரம் நான் எதையெல்லாமோ நோண்டிக்கொண்டிருந்தேன். அடுத்து, திரை மொத்தமாக இருண்டது. அது கிராஃபிக்ஸ் கார்டின் கோளாறு. உண்மையில் கோளாறு என்னுடையதுதான். வேறொருவர் தம் கணினிக்காக எழுதிவைத்த கோப்பை அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். அவருடைய கார்டு வேறு, என் கணவருடையது வேறு. எது எது என்று பார்க்கப் பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே ஒயர்களையெல்லாம் சேர்த்து வரிசையாகக் கட்டி வைத்திருந்தார். அலமாரியில் சட்டையை மடித்து வைக்கத் தெரியாத மனிதர், ஒயரை இப்படிக் கட்டியிருக்கிறார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. தகட்டை மூடிவிட்டு அன்றைக்கு வேறெதுவும் செய்யவில்லை.

மாமா எனக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் சீனியும் பாலும் இல்லாத தே ஓ தேநீரோடு உட்கார்ந்திருப்பார். எழுத்து ஓடும் சலனம் மட்டும் அவருக்குத் தெரியும், எழுத்து தெரியாது. ஓட்டம் நின்றால் "நின்னுருச்சாம்மா?" என்று கேட்பார். ஆமாம் மாமா என்பேன். அதற்குமேல் கேட்க மாட்டார். கேட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் எரிந்து விழ வசதியாக இருந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பென் டிரைவை உருவி மேசையில் வைத்தபோது அவர் கையை நீட்டி அதை எடுத்தார். விரலால் தடவிப் பார்த்தார்.

"இதே மாதிரி அவன்கிட்ட ஒன்னு இருந்துச்சே. சிவப்பு நூல் கட்டி."

அவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். எங்கே போகிறது அவருடைய யோசனை என்பது முகத்திலேயே தெரிந்தது. கணினியைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

"அதுதான் இதுக்கு வேணுமாம்மா?"

"இல்லங்க மாமா. அது காருல பாட்டு கேக்க வெச்சிருந்தது."

பொய் அவ்வளவு சுளுவாக வந்தது. மாமா பென் டிரைவை மேசையில் வைத்தார்.

"அப்ப நல்லதுதான். வழியில கேட்டுக்கிட்டே போயிருப்பான்" என்றார்.

நான் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அவர் நம்பினாரா, நான் சொன்னதற்காக நம்பியதுபோல இருந்துவிட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது. கோப்பை முதலிலிருந்து நானே எழுதினேன். ஒவ்வொரு பாகத்துக்கும் எது ஆம், எது இல்லை என்று வரிவரியாக. இந்தக் கணினி கம்பெனியின் எந்த மாடல் என்று நடிக்க வேண்டும் என்பதையும் அதில்தான் எழுத வேண்டும். செயலியின் வயசுக்குப் பொருந்துகிற மாடலாக எழுதியதும், வெள்ளை எழுத்து நிற்காமல் ஓடி, சாம்பல் நிறத் திரையில் நிறுவும் பக்கம் வந்தது. மாமா நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டார். புது வட்டைச் சுத்தம் செய்து, நிறுவச் சொல்லி அழுத்தினேன். பாதியில் கணினி தானே அணைந்து எழுந்தது. போச்சு என்று நினைத்து மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கினேன். மறுபடி பாதியில் அணைந்தது. அப்படித்தான் அணையும், அணைந்து எழும்போது பட்டியலில் இப்போது புதிதாக வந்திருக்கும் இன்னொன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று இணையத்தில் இருந்தவர் சொன்னார். இதைச் சொல்லாமல் விட்டதற்கு மன்னிப்பும் கேட்டார், எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்தாராம். நான் எல்லோரும் இல்லை என்று எழுதிவிட்டு, கூடவே நன்றியும் எழுதினேன். அவர் சொன்னபடி செய்தேன். எந்த நாடு என்று திரை கேட்டது. மலேசியா என்று அழுத்தினேன்.

மாமா அலமாரியைத் திறந்து, துணி சுற்றிய வட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். மாட்டினேன். புதுச் சாவி அதையும் எழுப்பிவிட்டது. கடவுச்சொல் கேட்டது. வீட்டு வைஃபைக்கு வைத்ததையே இதற்கும் வைத்திருப்பார், அவ்வளவு சோம்பேறி. அதேதான். அவருடைய திரை வந்தது. அவர் விட்டுப்போன மாதிரியே எல்லாம் இருந்தது. குளுவாங், தங்காக், லாபிஸ் என்று ஊர்ப் பெயரில் கல்யாணங்கள். ஓரத்தில் "நம்மளுது" என்று ஒன்று.

அதில் படம் முடிந்துதான் இருந்தது. சவுண்டு உட்பட. எனக்குக் கொடுக்காமல் ஏன் வைத்திருந்தார் என்று முதலில் புரியவில்லை. ஓட விட்டேன்.

நான் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பூ வைத்துக்கொள்கிறேன். தங்காக் துணிக்கடையில் எடுத்த அரக்குப் பட்டில் காரிலிருந்து இறங்குகிறேன். மணவறையில் உட்கார்ந்து இடது பக்கம் திரும்பிச் சிரிக்கிறேன். என் முகம், என் கண், என் கை. மாமா முகத்தைத் திரைக்கு வெகு பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கவாட்டிலிருந்து இரண்டு கைகள் வந்து எனக்குத் தாலி கட்டின. மணிக்கட்டுக்கு மேலே ஒன்றும் இல்லை. அவர் இல்லை. எங்கேயும் இல்லை. இருந்த இடங்களிலெல்லாம் படத்தைப் பெரிதாக்கி, நகர்த்தி, தன்னை வெளியே தள்ளியிருந்தார். எத்தனையோ பேரின் கல்யாணத்தில் வேண்டாததை வெட்டிய கை, தன் கல்யாணத்தில் தன்னை வெட்டியிருக்கிறது. "என் மூஞ்சி வந்தா படம் கெட்டுப் போயிரும்" என்று ஒருமுறை சொன்னதை நான் வெறும் வேடிக்கைப் பேச்சென்று விட்டிருந்தேன்.

வெட்டியதெல்லாம் மூலத்தில் இருக்கும் என்று எடிட்டிங் மென்பொருளைத் திறந்தேன். கோப்பு இல்லை, கோப்பு இல்லை என்று கட்டம் கட்டமாகச் சிவப்பு. இடம் போதாமல் அழித்திருக்கிறார், யாரோ ஒருவருடைய கல்யாணத்துக்கு இடம் செய்ய. எடுத்துக் கொடுத்த நண்பரை அழைத்தேன். அந்த மெமரி கார்டுகளில் அடுத்த வாரமே வேறு கல்யாணம் எடுத்துவிட்டேனே என்றார். என் கணவருக்குத் தன் முகம் அழகாக இல்லையாம். யார் கேட்டார்கள் அழகை? எனக்கு அவரை உலுக்கிச் சண்டை போட வேண்டும் போல இருந்தது. சண்டை போட ஆள் இல்லை. அதைவிடப் பெரிய வேதனை எனக்கு இதுவரை வந்ததில்லை.

மாமாவைப் பார்க்கப் பயந்தேன். எல்லாம் போயிருச்சுங்க மாமா, அவங்களே வெட்டிட்டாங்க என்று சொன்னேன். அவர் மறுபடி போடச் சொன்னார்.

போட்டேன். அக்கினி சுற்றுகிற இடம் வந்தது. குனிந்த தலையோடு நான் நடந்து வருகிறேன். என் சுண்டுவிரலை ஒரு கை பிடித்து முன்னால் இழுத்துப் போகிறது. அந்தக் கை முடிகிற இடத்தில் படமும் முடிகிறது. மாமா எழுந்து நின்றார். விரலை நீட்டினார். திரையில் வைக்கவில்லை. திரை முடிந்த பிறகு இருக்கிற கறுப்புப் பிளாஸ்டிக் விளிம்பில், அந்தக் கைக்கு நேராக, வைத்தார்.

"இங்க நடக்குறான்மா" என்றார்.

நான் படத்தைப் பின்னுக்கு இழுத்து அந்த இடத்திலிருந்தே மறுபடி ஓட விட்டேன். அவர் விரலை எடுக்கவில்லை.